ஓராண்டு மேயர்

[யான் வட்டாரத் தோட்டக் கிளையொன்றின் மாதக் கூட்டத்தில், அக்கிளையின் முன்னாள் செயலாளரான தோட்டக் கிராணி ஒருவர் நிகழ்த்திய உரை. பின்னர் அவரே எழுதித் தந்தது.]

தலைவர் அவர்களே, செயலாளர் தம்பி அவர்களே, பால்வெட்டு முடித்துக் கைகால் கழுவி வந்தமர்ந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

கைகால் கழுவி என்று நான் சொன்னதும் பின்வரிசையில் இரண்டு அக்காமார் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதன் காரணம் எனக்குத் தெரியும். நேற்று மாலை நான்கு மணிக்கு நின்றுபோன குழாய், இன்று விடியற்காலைப் பிரட்டு முடியும்வரை ஒரு சொட்டுக்கூட விடவில்லை. ஜெராய் மலை நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. விடுமுறை வந்தால் தீத்தி ஹாயுன் அருவியில் குளிப்பதற்கு அலோர் ஸ்டாரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாய் வருகிறார்கள். அந்த மலையின் அடியிலேயே குடியிருக்கும் நாமோ, தைப்பூசம் கழிந்து மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டால், குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் குழாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இந்த நிலைமைக்கும் நான் இன்று பேச வந்திருக்கும் பெரியவருக்கும் சம்பந்தம் உண்டு. அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

மாதக் கூட்டத்தில் பொதுவாழ்வில் நின்ற ஒருவரைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்பது நம் கிளையின் பழைய வழக்கம். இம்மாதம் கிராணியாரே பேசட்டும் என்று புதிய செயலாளர் தம்பி கேட்டார். போன மாதத் தேர்தலில் நாலு வாக்கு வித்தியாசத்தில் என்னைத் தோற்கடித்தவர் அவர்தான் என்பது இங்கிருக்கும் குழந்தைக்கும் தெரியும். தோற்றவனைக் கூப்பிட்டு மேடையில் நிறுத்துகிறாரே, இது மரியாதையா, குத்தலா என்று முதலில் யோசித்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

நான் சொல்லப்போவது தீரர் சத்தியமூர்த்தி அவர்களைப் பற்றி. வக்கீலாக இருந்தவர், சென்னைச் சட்டசபையில் முழங்கியவர், சென்னை நகரத்தின் மேயராக இருந்தவர். காமராசரைத் தெரியாத தோட்டத்து வீடு நம்மில் கிடையாது. சுவரில் படமாகவாவது அவர் இருப்பார். அந்தக் காமராசருக்கு அரசியலில் குருவாக இருந்தவர் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும்.

1887-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில் பிறந்தவர் அவர். தகப்பனாரும் வக்கீல்தான். ஆனால் இளம் வயதிலேயே தகப்பனாரை இழந்தார். புதுக்கோட்டையிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்து, பிறகு சட்டம் படித்து, பெரிய வக்கீலாக விளங்கிய எஸ். சீனிவாச ஐயங்காரிடம் தொழில் பழகினார். அந்தத் தொழிலிலேயே ஊன்றி நின்றிருந்தால் மயிலாப்பூரில் மாடி வீடும் மோட்டாரும் வந்திருக்கும். அவருக்கு மேடையும் நாட்டு விவகாரமும்தான் பிடித்தன. மேடை என்றால் இரண்டு மேடையும். சுகுண விலாச சபையில் வேஷம் கட்டி நடித்தவர் அவர். பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' நாடகத்தில் மனோகரனாக நின்றவர். குரல் அவருக்கு வாய்த்த ஆஸ்தி. 1919-இல் காங்கிரஸ் தூதுக்குழுவோடு இலண்டனுக்குப் போய் வெள்ளைக்காரர்கள் முன்னிலையில் இந்தியாவுக்காக வாதாடியபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. என்னைவிட இளையவர் என்று சொல்லிக்கொள்ளச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

1923-இல் சென்னைச் சட்டசபைக்குள் போனார். சட்டசபையைப் புறக்கணிக்க வேண்டும் என்று காங்கிரசில் ஒரு சாரார் சொல்லிவந்த காலம் அது. உள்ளே போய்த்தான் சண்டை போட வேண்டும் என்று சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் சுயராஜ்யக் கட்சி கண்டார்கள். இவர் அந்தப் பக்கம் சேர்ந்தார். சட்டசபையிலும், பிற்பாடு 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று போன டில்லி மத்திய சட்டசபையிலும் அவருடைய பெரிய ஆயுதம் கேள்வி. இதை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். அரசாங்கத்து ஆள் எழுந்து ஒரு பதிலைப் படிப்பார். இவர் அந்தப் பதிலிலிருந்தே இன்னொரு கேள்வியை உருவி எடுப்பார். அதற்கு வந்த பதிலிலிருந்து மூன்றாவது. கோபமாகத் திட்டுகிறவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் அதிகாரிக்கு இல்லை. எந்தத் தேதி, எத்தனை பேர், யார் உத்தரவு என்று கேட்பவனுக்குப் பதில் சொல்லாமல் தப்புவது கஷ்டம். நான் ஆபீசில் உட்கார்ந்திருப்பவன், ஆபீஸ் எதற்கு நடுங்கும் என்பது எனக்குத் தெரியும்.

1928-இல் பாரதியார் பாடல்களை அரசாங்கம் பறிமுதல் செய்தபோது சட்டசபையில் எழுந்து கண்டித்தவரும் இவரே. பாரதியார் இறந்து அப்போது ஏழு ஆண்டு ஆகியிருந்தது. செத்துப்போன கவிஞனின் பாட்டுக்கு அஞ்சிய சர்க்காரை நினைத்தால் இன்றும் வேடிக்கையாக இருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு மற்றொன்றைச் சொல்லாமல் விட்டால், இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். அதே சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். நாட்டு விடுதலைக்காகத் தொண்டை கிழியப் பேசிய சத்தியமூர்த்தி அதை எதிர்த்து நின்றார். பழைய கலை, பழைய வழக்கம் என்று பற்றிக்கொண்டார். அது முழுத் தவறு. சென்னை மாகாணத்தில் அந்த வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் 1947-இல்தான் முழுமையாக நிறைவேறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பெண்பிள்ளைகளின் வாழ்வு போயிற்றோ! அன்று அம்மையார் பக்கம் நியாயம் இருந்தது. இவர் பக்கம் இல்லை. ஒரு மனிதரைப் புகழ வந்தோம் என்பதற்காக இதை மூடி வைக்க என் மனம் ஒப்பவில்லை.

இனி நடுக்கதைக்கு வருகிறேன்.

1936-இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரசின் தலைவர் ஆனார். விருதுநகர்க் காமராசர் அவருக்குச் செயலாளர். அடுத்த ஆண்டு மாகாணத் தேர்தல். ஊர் ஊராய்ப் போய்க் கட்சிக்கு வாக்குக் கேட்டார். காங்கிரஸ் பெருவாரியாக வென்றது. ஆனால் அவர் நிற்பதாக இருந்த பல்கலைக்கழகத் தொகுதியை இராஜாஜிக்கு விட்டுக்கொடுக்கும்படி ஆயிற்று. விட்டுக்கொடுத்தார். இராஜாஜி பிரதம மந்திரியானார். மந்திரி சபைப் பட்டியல் வெளிவந்தபோது சத்தியமூர்த்தியின் பெயர் அதில் இல்லை. கட்சியைத் தோளில் சுமந்தவருக்குக் கோட்டையில் ஒரு நாற்காலி கிடைக்கவில்லை. அதற்குள்ளே இருந்த அரசியலைப் பலரும் பலவிதமாகச் சொல்லுகிறார்கள். நான் அதற்குள் போகப்போவதில்லை. அவர் கட்சியை விட்டுப் போகவில்லை என்பது மட்டும் எனக்குப் போதும்.

இரண்டு ஆண்டு கழித்து, 1939-இல், அவருக்கு வந்த நாற்காலி சென்னை மாநகராட்சி மேயர் நாற்காலி. மேயர் என்றதும் பெரிய அதிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டு தொடங்கியது, மிகப் பழையது, உண்மைதான். ரிப்பன் கட்டடம் பார்ப்பதற்கு அரண்மனை மாதிரி இருக்கும், அதுவும் உண்மைதான். ஆனால் மேயரின் பதவிக்காலம் ஒரே ஓராண்டு. கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் வருவார். நிர்வாகம் நடத்தும் அதிகாரம் அரசாங்கம் அனுப்பும் கமிஷனர் கையில். மேயர் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார், நகரத்தின் பெயரால் பேசுவார். டில்லியில் அரசாங்கத்தையே திணறடித்த மனிதருக்கு இது எம்மாத்திரம்? நம் தோட்டத்தில் ஒருவரைக் கூப்பிட்டு, 'அண்ணே, தண்ணீர்க் குழுவுக்கு ஒரு வருஷம் பொறுப்பு ஏற்றுக்கொள்ளுங்கள்' என்றால், 'ஒரு வருஷத்தில் என்னத்தைக் கிழிக்க முடியும்' என்று வேட்டியை உதறிக்கொண்டு போகிறார். நான் பெயர் சொல்லவில்லை. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த ஓராண்டில் சத்தியமூர்த்தி பிடித்துக்கொண்ட வேலை தண்ணீர்.

சென்னைக்குக் குடிநீர் செங்குன்றம் ஏரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த ஏற்பாடு 1870-களில் செய்யப்பட்டது. நகரமோ வளர்ந்துகொண்டே போயிற்று. 1931-இல் ஏறத்தாழ ஆறரை இலட்சமாக இருந்த ஜனத்தொகை 1941-இல் ஏழே முக்கால் இலட்சமாயிற்று. மழை பொய்த்தால் ஏரி அடி தெரியும். நகரம் தவிக்கும். நகருக்கு மேற்கே கொசஸ்தலை ஆறு இருக்கிறது. மழைக்காலத்தில் வெள்ளமாய்ப் பெருகி எண்ணூர்ப் பக்கம் கடலில் போய் விழும். அந்த வெள்ளத்தைப் பூண்டி என்னும் ஊரில் அணை கட்டித் தடுத்து நிறுத்தினால், நிறுத்திய நீரை வேண்டும்போது ஆற்றிலேயே விட்டு, தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பி, சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றத்துக்கும் கொண்டுவரலாம். யோசனை சுலபம். பணமும் அனுமதியும் அப்படியல்ல.

காலத்தைப் பாருங்கள். 1939 செப்டம்பரில் உலகயுத்தம் மூண்டுவிட்டது. இந்தியாவைக் கேட்காமலே யுத்தத்தில் சேர்த்தார்கள் என்று அக்டோபரில் சென்னைக் காங்கிரஸ் மந்திரி சபை இராஜிநாமாச் செய்தது. மாகாணம் நேரே கவர்னர் ஆட்சிக்குள் வந்தது. இரும்பும் சிமெண்டும் பணமும் யுத்தத்துக்கு என்று ஒதுக்கப்படும் நேரம். மேயரோ காங்கிரஸ்காரர், அரசாங்கத்தோடு மல்லுக்கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர். 'இந்த ஆட்சியிடம் போய்க் கேட்பதா? நம் ஆட்சி வரட்டும், அப்போது கட்டிக்கொள்ளலாம்' என்று அவர் சொல்லியிருந்தால் அவர் கட்சியில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நாமும் அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள்தாமே! மானேஜர் மாறட்டும், கம்பெனி கை மாறட்டும், எலெக்ஷன் வரட்டும் என்று.

அவர் போய்க் கேட்டார். விடாமல் கேட்டார். அரசாங்கத்தை ஒப்புக்கொள்ள வைத்தார். அவர் மேயராகி ஓராண்டு முடியுமுன்னே, 1940-இல், பூண்டியில் அணைக்கு அடிக்கல் விழுந்தது. மதிப்பீடு சுமார் 65 இலட்ச ரூபாய். அந்தக் காலத்து 65 இலட்சம்.

எந்த அரசாங்கத்திடம் அணைக்கு அனுமதி வாங்கினாரோ, அதே அரசாங்கத்தை எதிர்த்துக் கொஞ்ச நாளில் தனிநபர் சத்தியாக்கிரகம் செய்து சிறைக்குப் போனார். இரண்டும் ஒரே மனிதர் செய்த காரியம். கூட்டத்தில் கொடி பிடித்தவன் மறுநாள் ஆபீசில் போய்ப் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தால் 'விலைபோய்விட்டான்' என்று லயத்தில் பேசுகிறார்களே, அவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். கிராணி என்பதால் அந்தப் பேச்சை நான் மற்றவர்களைவிட அதிகமாகவே கேட்டிருக்கிறேன்.

என் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும். என் கொள்ளுப்பாட்டனார் கப்பலேறும் முன்பு ஆவடி முகாமில் தங்கினார். மலாயாவுக்கு ஆள் அனுப்பும் முகாம்கள் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்தன. உங்களில் பலருடைய முன்னோரும் அந்த இரண்டில் ஒன்றின் வழியாகத்தான் வந்து பினாங்கில் இறங்கியிருப்பார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தும்வரை அந்த வழி ஓடிக்கொண்டிருந்தது. ஆவடியில் தங்கிய நாட்களில் தண்ணீருக்கு வரிசை நின்ற கதையைக் கொள்ளுப்பாட்டனார் சொன்னதாக என் பாட்டி சொல்லுவார். 'அங்கேயும் வரிசை, இங்கேயும் வரிசை' என்பார். அந்த ஆவடியைத் தாண்டி அதே இரயில் பாதையில் போனால் திருவள்ளூர், அங்கிருந்து கிட்டத்தில் பூண்டி. நம் ஆட்கள் கப்பலேறிப்போன மண்ணில், அவர்கள் போன சில வருஷத்தில், இந்த அணை எழுந்தது. இருந்தவர்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் இன்னும் குடம் வைத்திருக்கிறோம்.

பக்கத்திலுள்ள பினாங்கிலும் தமிழர் ஒருவர் மேயராக இருந்தார். தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். அவர் வக்கீல் அல்லர், பள்ளிக்கூட வாத்தியார். 1957-இல் ஜார்ஜ் டவுன் மாநகரமானதை அடுத்து வந்த ஆண்டுகளில் அந்த நாற்காலியில் இருந்தார். ஸ்காட் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். அப்போது நகரசபைக்குத் தேர்தல் நடந்தது. 1965-இல் நிறுத்தி வைத்தார்கள். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு அது அடியோடு போயிற்று. இன்று இந்நாட்டில் எந்த நகரத்து மேயருக்கும் நாம் வாக்குப் போடுவதில்லை. வாக்குப் போட்டு ஆளை மாற்றும் பழக்கம் நமக்குத் தெரிந்த இடங்களில் மிச்சமிருப்பது கோயில் கமிட்டியும் இந்தச் சங்கக் கிளையும்தான் என்று சில நேரம் எனக்குத் தோன்றும். அதனால்தான் போன மாதத் தேர்தலை நான் எடுத்துக்கொண்ட விதம் எனக்கே பிடிக்கவில்லை.

அதையும் சொல்லிவிடுகிறேன்.

1940-ஆம் ஆண்டு தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவிக்குத் தேர்தல் வந்தது. சத்தியமூர்த்தி நிற்கவில்லை. காமராசரை நிறுத்தினார். எதிரே நின்றவர் சி. பி. சுப்பையா, இராஜாஜி ஆதரவு பெற்றவர். காமராசருக்கு 103 வாக்கு, சுப்பையாவுக்கு 100. மூன்றே வாக்கில் காமராசர் தலைவரானார். அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். காமராசர் தலைவர், சத்தியமூர்த்தி செயலாளர். நாலு ஆண்டுக்கு முன் எந்த இளைஞனைத் தமக்குச் செயலாளராக வைத்துக்கொண்டாரோ, அந்த இளைஞனுக்குக் கீழே தாமே செயலாளராக உட்கார்ந்தார். இவர் சட்டம் படித்தவர், இலண்டன் கண்டவர், டில்லியில் பெயர் எடுத்தவர், சென்னையின் மேயர். அவர் பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்தியவர், பதினாறு வயது இளையவர். சாதி, படிப்பு, வயது எல்லாவற்றையும் அளவுகோலாக வைத்து நாற்காலி போடும் நம் ஊர் வழக்கத்தில் இது நடந்தது.

போன மாதம் இங்கே வாக்கு எண்ணி முடிந்ததும் நான் தம்பியின் கையைக் குலுக்கினேன். எல்லோரும் பார்த்தீர்கள். பார்க்காதது ஒன்று உண்டு. கிளையின் கூட்டக் குறிப்பேட்டை நான் அவரிடம் ஒப்படைக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தம்பி இரண்டு முறை வந்து கேட்டார். கணக்குச் சரிபார்க்க வேண்டும் என்றேன். கணக்கு ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. அந்தத் தம்பிக்குக் கூட்டக் குறிப்பு எழுதச் சொல்லிக்கொடுத்தவன் நான். தேதி போடாமல் எழுதி வந்தால் திருப்பிக் கொடுத்தவன் நான். அவர் என் இடத்தில் உட்காருவதா என்று ஒன்பது நாள் அலமாரிச் சாவியை இடுப்பில் வைத்திருந்தேன்.

அந்த ஒன்பது நாளில் என்ன நடந்தது? தொழிலாளர் இலாகாவுக்குக் கொடுக்க வேண்டிய தண்ணீர் மனு எழுத முடியாமல் கிடந்தது. எந்தெந்தத் தேதி குழாய் நின்றது, எத்தனை மணி நேரம் நின்றது, யாரிடம் புகார் சொன்னோம், என்ன பதில் வந்தது என்பதெல்லாம் அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கின்றன. தம்பி வாயால் சொல்லி மனு எழுத மறுத்தார். 'தேதி இல்லாமல் எழுதக் கூடாதென்று நீங்கள்தானே அண்ணே சொல்லிக்கொடுத்தீர்கள்' என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. ஒன்பது நாளும் நான்காம் லயத்துத் தாய்மார்கள் மேட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். என் வீட்டுக்காரியும் அவர்களில் ஒருத்தி. பத்தாம் நாள் காலையில் குறிப்பேட்டைக் கொண்டுபோய்த் தம்பி கையில் கொடுத்தேன். இதை நான் சொல்லவில்லை என்றால் தம்பி யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். அதனாலேயே நான் சொல்ல வேண்டியதாயிற்று.

மீதிக் கதை நீளமில்லை. 1942 ஆகஸ்டில் பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. திரும்பி வரும் வழியில் சத்தியமூர்த்தியைக் கைது செய்தார்கள். தூரத்து அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பயணத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டது. ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர், அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. 1943 மார்ச் 28-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். ஐம்பத்தைந்து வயது. சிறையிலிருந்து தம் ஒரே மகள் லட்சுமிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் புத்தகமாக வந்தன. அந்த மகள்தான் வளர்ந்து 'வாசகர் வட்டம்' என்னும் பதிப்பகத்தை நடத்தினார். மலேசிய, இலங்கை எழுத்துக்களைத் தொகுத்து 'அக்கரை இலக்கியம்' என்று 1968-இல் அங்கே வெளியிட்டது அந்தப் பதிப்பகம். அக்கரை என்று அவர்கள் சொன்னது நம்மை.

பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் திறக்கப்பட்டது. அவர் பார்க்கவில்லை. பின்னாளில் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள், சத்தியமூர்த்தி சாகர் என்று. மண் சுமந்தவர்கள், கல் உடைத்தவர்கள் பெயரை யாரும் கல்லில் வெட்டவில்லை. வழக்கம்போல. இன்று அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1996 முதல் ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நதி நீரும் கால்வாய் வழியாக அங்கேதான் வந்து சேருகிறது. அதுவும் போதவில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகளெல்லாம் ஏறக்குறைய வறண்டு, ஜனங்கள் லாரித் தண்ணீருக்குத் தெருவில் நின்றதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஏழே முக்கால் இலட்சம் பேருக்கென்று ஓடியாடிக் கட்டியதை, அதைப் போலப் பத்து மடங்கு ஜனம் குடிக்கிறது. அவருக்குப் பின் வந்த மேயர்களும் மந்திரிகளும் அவரவர் பங்குக்கு ஒரு பூண்டி கட்டியிருந்தால் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கேள்வியை அங்குள்ளவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். நமக்கு நம் குழாய் இருக்கிறது.

அந்தக் குழாய் விஷயமாக நாலு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். தொழிலாளர் வீட்டுவசதி பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம், 446-ஆம் எண் சட்டம், தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்குப் போதிய குழாய்த் தண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று முதலாளிக்குக் கடமை விதிக்கிறது. ஓடைத் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, காலையில் ஒரு மணி மாலையில் ஒரு மணி திறந்துவிட்டால் அது போதியது ஆகுமா என்பதைத்தான் நாம் இலாகாவிடம் கேட்கப்போகிறோம். தம்பி மனுவை எழுதி முடித்துவிட்டார். நேற்றிரவு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஒரே ஓர் இடத்தில் திருத்தம் சொன்னேன். இரண்டு இடத்தில் நான் முன்பு குறித்து வைத்திருந்தது தப்பு என்று அவர் எனக்குக் காட்டினார்.

மனு தலைவர் மேசைமேல் இருக்கிறது. குடும்பத்துக்கு ஒருவர் கையொப்பம் இட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், பக்கத்தில் பெயரை நான் எழுதித் தருகிறேன். வெளிநாட்டுத் தோழர்கள் லயத்திலும் இதே குழாய்தான், அவர்களையும் விட்டுவிடக் கூடாது. இந்தோனேசியத் தோழர்களுக்கு மலாயில் படித்துச் சொல்லத் தம்பி நாளை மாலை போகிறார், கூட நானும் போகிறேன். இன்னும் ஒன்று. பிப்ரவரி மாதத்தில் ஆறு நாள் தேதி குறிப்பேட்டில் விட்டுப்போயிருக்கிறது. நான் விடுப்பில் இருந்த நாட்கள் அவை. நான்காம் லயத்து அக்கா ஒருவர் தண்ணீர் வராத நாளையெல்லாம் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த நாள்காட்டியைக் கிழித்து எறியாமல் இன்றிரவே கொண்டுவந்து செயலாளரிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.